காற்று பதிமூன்று

ஜூன் 3, செவ்வாய்

சாப்பாட்டு மேசையில் பாதி இப்போது என் பட்டறை. ஆசிலோஸ்கோப், சால்டரிங் கம்பி, மல்டிமீட்டர், திருகுகள் போட்டு வைத்த பிஸ்கட் டப்பா. கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் துறையை மூடியபோது ஆய்வகச் சாமான்களைக் காயலான் கடைக்குப் போட்டார்கள். ஆசிலோஸ்கோப்பை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். இருபது வருடம் பிள்ளைகளுக்கு அந்தப் பச்சைக் கோட்டைக் காட்டித்தான் பாடம் நடத்தினேன். என் வீட்டுக்காரர் சுந்தரராஜ், ஒரு தட்டு வைக்க இடம் விட்டால் போதும் என்று சொல்லிவிட்டார். விட்டிருக்கிறேன். ஒரே ஒரு தட்டுக்கு.

போன மாதம் ஒரு உப்பளத்துக்காரரின் பழைய ஈரப்பதமானியைச் சரிசெய்து கொடுத்தேன். அது எப்படியோ தெரு முழுக்கப் பரவியிருக்கிறது. மீன் கொண்டுவரும் ரோஸ் அக்கா இன்று கூடையை இறக்கிவிட்டு, மீனைப் பற்றிப் பேசாமல் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், காத்து பாக்குற பெட்டி உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். உட்கார்ந்துவிட்டாள்.

அவள் ஊர் உப்பளங்களைத் தாண்டி வடக்கே, கடற்கரையில். நாற்பது வருடத்துக்கு முன் ஏதோ ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் அங்கே மீனவர் சங்கக் கட்டடத்து மாடியில் காற்றுமானி ஒன்றை வைத்துவிட்டுப் போனார்களாம். மாடியில் சுற்றும் கிண்ணங்கள். கீழே சங்க அறையில் சிவப்பு எண்கள் எரியும் பெட்டி. தினமும் விடியுமுன் அந்த எண்ணை மைக்கில் வாசிப்பது அவள் வீட்டுக்காரர் வில்பிரட். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் "காத்து பதிமூணு" என்று வாசித்திருக்கிறார். ரோஸ் அக்காவின் தம்பி பெனிஸ்டன் அதைக் கேட்டு வள்ளத்தை இறக்கியிருக்கிறான். கச்சான் மேற்குக் காற்று, தரையிலிருந்து கடலுக்கு அடிப்பது. கரையில் மரங்களும் வீடுகளும் மறைத்துக்கொள்ளும், கடலுக்குள் போன பிறகுதான் அதன் பலம் தெரியும். அன்றைக்கு மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருந்திருக்கும் என்கிறார்கள். வள்ளம் கவிழ்ந்தது. பெனிஸ்டன் மத்தியானம்வரை பலகையைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். உயிர் மிஞ்சியது, வலது தோள் போய்விட்டது. இப்போது ஐஸ் கம்பெனியில் வேலை. அன்றிலிருந்து அவன் அக்கா வீட்டுப் படி ஏறவில்லை. வில்பிரட்டுக்குக் கண் சரியில்லை, எண்ணை மாற்றி வாசித்துவிட்டார் என்று ஊரே பேசுகிறது. பெட்டியைச் சாக்குப் போட்டு மூடிவிட்டார்கள். மைக் இல்லை, எண் இல்லை.

"பெட்டி ஓடணும்னுகூட இல்ல டீச்சர். அன்னைக்குப் பொய் சொன்னது பெட்டியா, எங்க வீட்டு ஆளா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க."

கொண்டுவரச் சொன்னேன். மீன் வாங்க மறந்துவிட்டேன். அவளும் விற்க மறந்துவிட்டாள்.

ஜூன் 5, வியாழன்

வில்பிரட் அண்ணாச்சி பெட்டியை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். அறுபது வயதிருக்கும். மேசையில் வைக்குமுன் தோளில் கிடந்த துண்டால் பெட்டியின் அடிப்பக்கத்தைத் துடைத்தார். மேசை அழுக்காகிவிடக்கூடாதாம். என் மேசை!

போகும்போது வாசலில் திரும்பி, "மூணு பெருவெள்ளத்தப் பாத்துருக்கு, ஒரு சொட்டு உள்ள போனதில்ல. நாந்தான் பாத்துக்கிட்டேன்" என்றார். பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டுப் போகிறவர் மாதிரி இருந்தது.

திறந்தேன். எவ்வளவு சுத்தமான வேலை. கையால் சால்டர் செய்த ஒவ்வொரு புள்ளியும் கடுகு போல ஒரே அளவு. இதைச் செய்தது யாரோ? அவர்களும் இப்போது எங்கேயாவது சும்மா உட்கார்ந்திருப்பார்களோ.

ஜூன் 8, ஞாயிறு

சபைக்குப் போய் வந்து உட்கார்ந்தேன். மின்சாரம் கொடுத்தால் எண்கள் எரியவில்லை. மின்வழங்கியில் இருந்த மூன்று பெரிய கெபாசிட்டர்களும் உலர்ந்துபோயிருந்தன. ஒன்றின் தலை உப்பி வெடித்திருந்தது. இரண்டு வருடம் சாக்குக்குள் கிடந்த புழுக்கம். மாற்றினேன்.

நாலு மணிக்கு எரிந்தது. சிவப்பாக இரண்டு பூஜ்யம். "ஏய், எரியுது" என்று நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். சுந்தரராஜ் தூக்கத்திலிருந்து ஓடிவந்தார், வீடுதான் எரிகிறது என்று.

ஜூன் 10, செவ்வாய்

பெட்டியின் வேலை எண்ணுவது. கிண்ணங்கள் சுற்றச் சுற்ற மேலேயிருந்து துடிப்புகள் வரும். பெட்டி அவற்றை எண்ணி வேகமாக்கிக் காட்டும். கிண்ணங்களுக்குப் பதிலாக என் சிக்னல் ஜெனரேட்டரை இணைத்தேன். பத்துக்குரிய துடிப்பு கொடுத்தால் பத்து. ஐம்பதுக்கு ஐம்பது. எண்பதுக்கு எண்பது. ஒரு எண்கூடப் பிசகவில்லை.

ரோஸ் அக்கா வந்தபோது அந்தச் சந்தோஷத்திலேயே சொன்னேன், பெட்டி சரியாகத்தான் எண்ணுகிறது என்று.

அவள் தராசைக் கூடைக்குள் வைத்தாள். "அப்ப சரி" என்றாள். தலையில் சும்மாட்டை வைத்து, கூடையை அவளே தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். எப்போதும் நான் ஒரு கை கொடுப்பேன்.

ஜூன் 11, புதன்

என்ன சொல்லிவிட்டேன். பெட்டி சரியென்றால் பொய் சொன்னது யார்?

பாதிக் கருவியை வைத்துக்கொண்டு முழுத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். கிண்ணங்களை நான் பார்க்கவே இல்லையே. எந்த மாணவியாவது இப்படிச் செய்திருந்தால் மறுபடி செய்யச் சொல்லியிருப்பேன்.

ஜூன் 13, வெள்ளி

ரோஸ் அக்கா தெருவுக்கே வரவில்லை. வேறு ஒரு அம்மா வந்தாள். ரோஸுக்கு மேலுக்குச் சரியில்லையாம்.

ஜூன் 14, சனி

நானே போனேன். சங்கக் கட்டடம் சின்னது, ஆனால் மாடியில் இரும்புக் கம்பம் நல்ல உயரம். அதன் உச்சியில் மூன்று கிண்ணங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டு வருடமாக யாரும் கேட்காமலே சுற்றிக்கொண்டிருக்கின்றன.

ரோஸ் அக்கா வீட்டுக்குள் கருவாடு பிரித்துக்கொண்டிருந்தாள். மேலுக்கு ஒன்றுமில்லை. நான் அவசரப்பட்டுவிட்டேன், கிண்ணங்களையும் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றேன். அவள் நிமிரவில்லை. "நீங்க சொன்னத நான் அவருகிட்டச் சொல்லல" என்றாள். "ரெண்டு வருசமா ஊரோட சண்ட போடுதேன். வீட்டுக்குள்ளயும் எப்படிப் போடுறது?"

வில்பிரட் அண்ணாச்சி ஏணி வைத்து ஏறி, கிண்ணங்களை இறக்கித் துண்டில் சுற்றித் தந்தார். அவருக்கு என் முகத்தில் என்ன தெரிந்ததோ.

ஜூன் 15, ஞாயிறு

மேசை விசிறிக்கு முன்னால் வைத்தேன். வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. எண்ணும் சரி. விசிறியை ஒன்றில் வைத்தால் எட்டு, இரண்டில் பதினொன்று, மூன்றில் பதினைந்து. உப்பளத்துக்காரர் இரவல் கொடுத்த கையடக்கக் காற்று மீட்டரும் அதையே காட்டுகிறது.

அப்படியென்றால்—

வேண்டாம். இன்னும் எழுத வேண்டாம்.

ஜூன் 18, புதன்

விசிறி பதினைந்துக்கு மேல் போகாது. அன்றைக்கு அடித்தது ஐம்பது. நான் பூனையைக் காட்டிவிட்டுப் புலியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஐம்பது காற்றுக்கு எங்கே போவது? கேட்டதும் சுந்தரராஜ் சிரித்தார். "நம்ம ஸ்கூட்டர்ல வருமே" என்றார்.

வருமே! காற்று அசையாத நேரத்தில் ஸ்கூட்டர் ஐம்பதில் போனால் கிண்ணத்துக்கு அது ஐம்பது காற்றுதானே. கப்பல் ஆபீஸில் பில் பார்க்கிற மனுஷனுக்குத் தோன்றுகிறது.

ஜூன் 19, வியாழன்

கச்சான் காலத்திலும் விடியற்காலையில் கொஞ்ச நேரம் காற்று அடங்கும். உப்பளச் சாலை நேராகக் கிடக்கிறது. சுந்தரராஜ் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து கிண்ணங்களை ஒரு பிவிசி பைப்பில் கட்டி அவர் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். பெட்டி என் மடியில், கூடவே ஒரு பேட்டரி. பாத்திக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். ஒருத்தி கேட்டாள், "எக்கா, அண்ணாச்சி தலையில என்னத்த நட்டு வச்சிருக்கீங்க?" இன்னொருத்தி, "ஆளு பறந்துராம இருக்கதுக்குளா" என்றாள். சுந்தரராஜ் அலுவலகச் சட்டையோடு, முகத்தைத் திருப்பாமல் ஓட்டினார்.

இருபதில் இருபது. முப்பதில் முப்பது.

நாற்பதில் இருபத்திரண்டு.

பைப் ஆடிவிட்டதோ என்று நினைத்தேன். ஐம்பதுக்குப் போகச் சொன்னேன். எண் ஏறவில்லை. இறங்கிற்று. பதினாறு, பதினொன்று, மறுபடி ஏறிப் பதிமூன்று. அங்கேயே நின்றது. பதிமூன்று.

காற்று கொஞ்சம் இருந்தாலும் கணக்கு நேராகட்டும் என்று திரும்பி வரும் திசையிலும் அதே வேகத்தில் வந்தோம். பதினாலு, பதிமூன்று.

நிறுத்தச் சொல்லி இறங்கி, சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அவர் சரியாகத்தான் வாசித்திருக்கிறார். ஐம்பது காற்றில் அந்தப் பெட்டி பதிமூன்று காட்டியது, அவர் பதிமூன்று என்று வாசித்தார்.

சுந்தரராஜ் பைப்பை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று சொல்லவே இல்லை.

ஜூன் 20, வெள்ளி

ரோஸ் அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று கால் பரபரத்தது. போன தடவை அப்படித்தான் கெடுத்தேன். முதலில் ஏன் என்று பார்ப்போம் என்று கிண்ணத்தின் அடிப்பாகத்தைத் திறந்தேன்.

வாடை. அந்த நொடியே தெரிந்துவிட்டது. மீனெண்ணெய்.

கிண்ணங்களின் தண்டில் ஒரு சின்ன வட்டத் தகடு இருக்கிறது, ஓரமெல்லாம் பல் பல்லாக வெட்டு. ஒரு பக்கம் சிறு விளக்கு. மறு பக்கம் ஒளியைப் பார்க்கும் ஒரு கண். வெட்டு கடக்கும்போதெல்லாம் கண் ஒரு துடிப்பு அனுப்பும். அந்தக் கண்ணின் மேல் தேன் நிறத்தில் ஒரு படலம். தகட்டின் பல்லிடுக்கில் எண்ணெயும் உப்புத்தூளும் சேர்ந்து இறுகிய பிசின். மேலேயிருந்து தண்டு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. ஒரு வருடத்தில் வந்ததல்ல. அடுக்கு அடுக்காக.

தகட்டைச் சுற்றவிட்டு ஆசிலோஸ்கோப்பில் பார்த்தேன். மெதுவாகச் சுற்றினால் பச்சைக் கோடு ஒழுங்காக ஏறி இறங்குகிறது. மங்கின கண்ணானாலும் ஒளி வந்து போவதைப் பார்க்க அதற்கு நேரம் கிடைக்கிறது. வேகம் கூடக் கூட அலை குட்டையாகி, அங்கங்கே விட்டுப்போகிறது. காற்று பலமாக அடிக்க அடிக்க எண் குறைகிறது. இதைவிட ஆபத்தான பழுது வேறு இல்லை. ஓடாமல் நின்றிருந்தாலாவது யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

யார் பூசியது என்று கேட்க வேண்டியதில்லை. "நாந்தான் பாத்துக்கிட்டேன்."

ஜூன் 21, சனி

ரோஸ் அக்கா வந்தாள். நேராகக் கேட்காமல் சுற்றி வளைத்துக் கேட்டேன், உங்கள் ஊரில் மீனெண்ணெய் இன்னும் காய்ச்சுகிறார்களா என்று. கேட்டதுதான் தாமதம். கொடியேற்றத்துக்கு முன்னால் வள்ளங்களைக் கரையேற்றி, கழுவி, பலகைக்கெல்லாம் மீனெண்ணெய் பூசுவார்களாம். திருவிழாவுக்கு வள்ளம் பளபளவென்று நிற்க வேண்டும். அவள் வீட்டுக்காரருக்கு இப்போது வள்ளம் இல்லை. அதனால் மாடி ஏறிக் காத்தாடிக்குப் பூசுவாராம். "அவருக்கு அதான் வள்ளம். 'உப்புக்காத்துல நிக்குத இரும்பு, எண்ணெ காட்டாம வுட்டா தின்னுரும்லா'ம்பாரு. போத்தல யாரும் தொடக்கூடாது."

சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன்?

பெட்டி ஒரு நல்ல சேதி சொல்லியிருக்கிறது, முழுக்கப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவள் முகம் விடிந்ததைப் பார்த்திருக்கவே கூடாது.

ஜூன் 22, ஞாயிறு

சுந்தரராஜ் சொல்வது: அவர் சரியாக வாசித்தார், கருவிதான் தப்பு. அது உண்மைதானே. அதோடு நிறுத்திவிடு. எண்ணெயைப் பற்றி யார் கேட்டார்கள்?

பொய் இல்லை. பாதி உண்மை. ஊர் வாயடைக்கும், தம்பி படி ஏறுவான், அக்கா கூடையை இறக்கி வைத்துச் சிரிப்பாள். எல்லோருக்கும் நல்லது.

ஆனால் ஜூலைக் கடைசியில் கொடியேற்றம். அவர் போத்தலை எடுத்துக்கொண்டு மறுபடி ஏணி ஏறுவார். நான் புதிதாக வைக்கிற கண்ணும் மங்கும். இன்னொரு கச்சானில் இன்னொரு பதிமூன்று.

'எண்ணெய் வேண்டாம்' என்று மட்டும் சொன்னால்? ஏன் என்று கேட்பாரே. அந்தப் பெட்டியை மடியில் வைத்துக் கொண்டுவந்தவர் ஏன் என்று கேட்காமல் இருப்பாரா.

ஜூன் 23, திங்கள்

அண்ணாச்சியை மட்டும் வரச் சொன்னேன். முதலில் ஸ்கூட்டர் கதை. ஐம்பதில் பதிமூன்று. அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு திறந்து வைத்திருந்த அடிப்பாகத்தைக் காட்டினேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏம் போத்தல்லா" என்றார்.

விளக்கு, தகடு, கண், எல்லாம் சொன்னேன். பாடம் நடத்துகிற குரல் வந்துவிட்டது, அதை நிறுத்த முடியவில்லை. அவர் கவனித்துக் கேட்டார். கடைசியில்,

"நான் வாசிச்சது சரி."

"சரிதான் அண்ணாச்சி."

"பூசுனது தப்பு."

"...ஆமா."

கிண்ணத்தை ஒரு விரலால் தள்ளினார். சுற்றி நின்றது. "வருசம் தவறாமப் பூசுனேன் தங்கச்சி" என்றார். பெட்டியை எடுக்கவில்லை, எப்போது வரட்டும் என்று கேட்கவில்லை. வெயிலில் நடந்தே போனார். ஆட்டோ நிறுத்தம் எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

சரியாகத்தான் செய்தேனா?

ஜூன் 27, வெள்ளி

ரோஸ் அக்கா வந்தாள். கூடை இல்லாமல்.

அவர் நாலு நாளாகச் சோறு சரியாகத் தின்னவில்லையாம். நேற்றுத்தான் வாயைத் திறந்து சொல்லியிருக்கிறார். "எங்கிட்டல்லா சொல்லிருக்கணும் டீச்சர். கேட்டது நான். அவருகிட்ட எதுக்குச் சொன்னிய? கண்ணு தெரியாதவன்னு ஊரு சொன்னப்பகூட மனுசன் இப்படி இல்ல."

அவளிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று கேட்டேன்.

"மறச்சிருப்பேன்" என்றாள் உடனே. "போத்தலக் கடல்ல எறிஞ்சிட்டு, பூன தட்டிவுட்டுதுன்னு சொல்லிருப்பேன்."

அடுத்த வருடம் இன்னொரு போத்தல் வாங்கியிருப்பாரே, என்றேன். அவள் என்னை முறைத்தாள். அப்புறம் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "வாங்கிருப்பாரு" என்றாள்.

ஜூலை 1, செவ்வாய்

ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பல் விளக்கும் பிரஷ்ஷால் தகட்டின் ஒவ்வொரு வெட்டையும் தேய்த்தேன். பழைய கண்ணை எடுத்துவிட்டுப் புதியது வைத்தேன். அதே மாதிரி இப்போது வருவதில்லை. கிடைத்ததுக்கு ஏற்ப ஒரு ரெசிஸ்டரை மாற்றினேன். பேரிங் கடை அண்ணாச்சி இரண்டு பக்கமும் மூடின பேரிங் தந்தார். "இதுக்கு ஆயுசுக்கும் எண்ணெ வேண்டாம்மா" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தான் இத்தனை தூரம் வந்தேன் போலிருந்தது.

கையில் இன்னும் மீனெண்ணெய் வாடை. சோப்புக்குப் போகவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மறுபடி உப்பளச் சாலை. ஐம்பதுக்கு, போகையில் ஐம்பத்தொன்று, வருகையில் நாற்பத்தொன்பது. அறுபதும் போய்ப் பார்த்தோம். அறுபது! சுந்தரராஜ் ஹாரன் அடித்துக் கொண்டாடினார். பாத்தியில் நின்ற கொக்குகள் எல்லாம் எழும்பின.

அதே சாலை. அழுத இடத்தைக் கடக்கும்போது பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

வில்பிரட் அண்ணாச்சி ஆள் அனுப்பியிருந்தார். கொடியேற்ற வேலை பேச, பூசைக்குப் பிறகு சங்கத்தில் கூட்டம், நானும் வரவேண்டும் என்று. பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். பின்வரிசையில் தூணோரம் தோள் ஒரு பக்கம் சாய்ந்த ஒருவன். யாரும் சொல்லாமலே தெரிந்தது, பெனிஸ்டன்.

பந்தல், மைக் செட், வாணவேடிக்கை எல்லாம் பேசி முடித்ததும் அண்ணாச்சி எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"அன்னைக்குப் பெட்டி பதிமூணு காட்டிச்சு. பதிமூணுன்னுதான் வாசிச்சேன். டீச்சர் ஓட்டிப் பாத்துட்டாக. ஆனா அது தப்பாக் காட்டுனதுக்குக் காரணம் நான். வருசா வருசம் ஏறி மீனெண்ண பூசுனேன். அது உள்ள எறங்கிக் கண்ண மறச்சிருக்கு. வேற யாரும் தொட்டதில்ல. நாந்தான்."

நான் அவரிடம் இதைக் கேட்கவில்லை. 'வாசிச்சது சரி' என்பதோடு நிறுத்தியிருக்கலாம். ரோஸ் அக்கா பெண்கள் பக்கத்தில் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்வரிசையில் ஒரு பெரியவர், "ஏலே வில்பிரட்டு, வள்ளத்துக்குப் பூசச் சொன்னா நீ காத்துக்கே பூசிருக்கியே" என்றார். ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும். அண்ணாச்சிகூட. யார் யாரெல்லாம் தங்கள் வீட்டு மிக்ஸிக்கும் தையல் மெஷினுக்கும் அந்த எண்ணெயைப் பூசினார்கள் என்று கதை கிளம்பிவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். தூணோரம் ஆள் இல்லை.

ஜூலை 17, வியாழன்

கிண்ணங்களை மாட்டினோம். அண்ணாச்சி ஏணியில் பாதி ஏறியபோது காற்றில் ஏணி ஆடியது. நான் இரு கையாலும் பிடித்திருந்தேன், போதவில்லை. பக்கத்தில் இன்னொரு கை வந்தது. இடது கை. பெனிஸ்டன். எப்போது மாடிக்கு வந்தான் என்று தெரியவில்லை. என்னைப் பார்க்கவில்லை, மேலேயும் பார்க்கவில்லை. ஏணியைத் தன் நல்ல தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நின்றான்.

"மெதுவா ஏறுங்க" என்றான், ஏணியிடம் சொல்வது மாதிரி.

மேலே அண்ணாச்சி அசையாமல் நின்றார். பிறகு ஏறினார். அவர் இறங்கும்போது இவன் போய்விட்டிருந்தான்.

கீழே பெட்டியில் முப்பத்தாறு. வெளியே கடல் முழுக்க வெள்ளை நுரை. இரண்டும் ஒன்றையே சொல்லின.

ஜூலை 25, வெள்ளி

நாளை கொடியேற்றம். ரோஸ் அக்கா சொன்னது: மனுஷன் காலையில் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு கம்பத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாராம். இவள் சங்கத்தை ஒட்டின தன் வீட்டுச் சமையல்கட்டிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்திருக்கிறாள். கடைசியில் ஏணிக்குப் பூசினாராம். ஏணி பளபளவென்று நிற்கிறதாம், யாராலும் ஏற முடியவில்லையாம், வழுக்குகிறதாம்.

ஆகஸ்ட் 9, சனி

ஒரு தோணிக்காரர் காற்றழுத்தமானி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார், முப்பது வருடப் பழசு. முதலில் கேட்டேன், இதற்கு என்னென்ன பூசுவீர்கள் என்று. மனிதர் திருதிருவென்று விழித்தார்.

சுந்தரராஜின் தட்டு இப்போது ஜன்னல் திண்டுக்குப் போய்விட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

ரோஸ் அக்கா நேரம் கழித்து வந்தாள். கூடையை இறக்க நான் கை கொடுத்தேன். உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள்.

பெனிஸ்டன் ஐஸ் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, கூட்டாளி வள்ளத்தில் கயிறு பிடிக்கப் போவதாக இருந்தானாம். விடியுமுன் வீட்டுக்குப் போன் வந்திருக்கிறது. இவள்தான் எடுத்தாள். "அத்தான்கிட்டக் குடு" என்றிருக்கிறான். இரண்டு வருடத்துக்குப் பிறகு. அவர் வாங்கிக் காதில் வைத்ததும், நலமா, எப்படி இருக்கீங்க, ஒன்றும் இல்லை. "அத்தான், காத்து எவ்வளவு?"

அண்ணாச்சி சங்க அறைக்குப் போய்ப் பார்த்திருக்கிறார்.

"பதிமூணுல்லா காட்டிருக்கு டீச்சர். என்னைக்கும் இல்லாம இன்னைக்குன்னு பாத்து. அவருக்கு வாயில வரல. போன அப்படியே வச்சிட்டு மாடில ஏறிப் போயி, மேக்க பாத்து நின்னிருக்காரு. மூஞ்சில காத்து படணும்னு சட்டயக்கூடக் கழத்திட்டாராம். அந்தப் பய போன வைக்காம இருந்திருக்கான். எறங்கி வந்து, 'பதிமூணுதாம்டே' ன்னாரு."

"அவன் என்ன சொன்னான்?"

"சரி அத்தான்னான். போயிட்டான்."

அதற்குப் பிறகு மைக்கைப் போட்டு ஊருக்கும் வாசித்தாராம். இவள் மட்டும் தம்பி போன வள்ளம் திரும்பும்வரை, பத்து மணிவரை, கரையிலேயே நின்றிருக்கிறாள், கூடையை எடுக்காமல். அதுதான் நேரமாகிவிட்டது.

கூடையின் மேல் இலையை விலக்கி ஒரு ஊளி மீனை எடுத்தாள். முழங்கை நீளம், கண் இன்னும் தெளிவாக இருந்தது. மற்றதெல்லாம் விற்க, இது மட்டும் காத்தாடி டீச்சருக்கு என்று அவன் தனியாக எடுத்து வைத்தானாம்.

மேசையில் ஒரு மூலையை ஒதுக்கிச் சுந்தரராஜின் தட்டைப் பழைய இடத்தில் வைத்தேன். இன்று ஊளிமீன் குழம்பு.